முதலைத் தோல் பட்டை: செம்மரமா, கருமருதா, தும்பியா?

மலைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பங்குனி கடைசி வாரத்தில் ஜவ்வாது மலையில், ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைக்கு ஏறும் வழியில் இரண்டு மரங்களைப் படம் எடுத்தேன். இரண்டிலும் ஓர் இலைகூட இல்லை. இரண்டின் பட்டையும் கருத்து, கட்டம் கட்டமாக வெடித்து, முதலைத் தோலைப் போல இருந்தது. முதல் மரத்தடியில் ஐந்து இறகு கொண்ட காய்ந்த காய்கள் கிடந்தன. இரண்டாவது மரத்தடியில் காயின் தலையிலிருந்து கழன்ற தொப்பி போன்ற, கட்டையாக இறுகிய சிறு துண்டுகள் கிடந்தன. பட்டைப் படங்களைச் செயலியில் இட்டபோது ஒரு முறை செம்மரம் என்றும், மறுமுறை நீர்மருது என்றும், பிறகு பீடி இலை மரமான தும்பி என்றும் விடை வந்தது. வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரோ இரண்டாவது மரத்தைக் கருங்காலி என்றார். எதை நம்புவது?

ஆற்காட்டான் எழுதியது:

இரண்டும் செம்மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். கருத்த பட்டை நீள்சதுரங்களாக வெடிப்பது அதன் முக்கிய அடையாளம். மேலும், பழைய தாவரப் பட்டியல்களில் செம்மரத்தின் இருப்பிடமாகக் கடப்பையோடு, இந்த மலை அடங்கிய பழைய வடஆற்காடு மாவட்டமும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆலங்காயம் வாசி எழுதியது:

ஆற்காட்டான் ஐயா சொன்ன பட்டை அடையாளம் சரியானதுதான். ஆனால் அதே பட்டை கருமருதுக்கும் உண்டு, தும்பிக்கும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. வடஆற்காடு என்ற பெயரையும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை திருப்பதி மலைப்பக்கமும் வடஆற்காட்டுக்குள்தான் இருந்தது. ஆகவே அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றைக் கொண்டு ஜவ்வாது மலையில் இன்ன இடத்தில் செம்மரம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

பட்டையை விட்டுவிட்டுக் காயைப் பாருங்கள். செம்மரத்தின் காய் சிறு அப்பளத்தைப் போலத் தட்டையாக, வட்டமாக, நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய இறகுமாக இருக்கும். வேங்கைக்கும் அப்படித்தான், இரண்டும் ஒரே பேரினம் அல்லவா. முதல் மரத்தடியில் நீங்கள் எடுத்த படத்தில் இருக்கும் காயோ நீளவாக்கில் ஐந்து இறகு கொண்டது. அது மருதின் காய். அந்த இறகின் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவிலிருந்து விளிம்பு வரை அவை ஏறக்குறைய நேராகவே ஓடுகின்றன. நீர்மருதாக இருந்தால் அக்கோடுகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். போதாததற்கு, நீர்மருதின் பட்டை வெளுத்து வழவழப்பாக இருந்து தகடு தகடாக உரியும்; அது பெரும்பாலும் ஆற்றோரத்திலும் ஓடைக்கரையிலும் வளர்வது. எனவே முதல் மரம் கருமருது என்றே படுகிறது.

இருந்தாலும் ஓர் ஐயம் இருக்கிறது. இறகுள்ள காய் காற்றில் பறந்து வருவது. மரத்தடியில் கிடந்தது அந்த மரத்தினுடையதுதான் என்பதற்கு உங்கள் படத்தில் சான்று இல்லை. கிளையில் தொங்கும் காயை, மங்கலாக இருந்தாலும், ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அடுத்த முறை போகும்போது இலையின் மேல்புறத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கருமருது இலையின் அடிப்புறத்தில், நடுநரம்பு காம்போடு சேரும் இடத்துக்கருகே, ஒன்றிரண்டு சுரப்பிகள் மருவைப் போல எழும்பி நிற்கும். செம்மரத்துக்கோ ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள்.

பால் வருகிறதா, நிறம் என்ன என்று பார்க்கப் பட்டையை வெட்ட வேண்டாம். செம்மரம் என்று உறுதியானால் படத்தோடு பதிவாகும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள்; இங்கே அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பீடி வீட்டுப் பிள்ளை எழுதியது:

இரண்டாவது மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவன் நான். நனைத்த இலையின் மேல் தகரத் துண்டை அளவாக வைத்து அம்மா கத்தரியால் வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்ததால், அந்த மரத்தைக் காட்டில் கண்டதைவிட அதன் இலையைக் கையில் தொட்டதே அதிகம். எங்களுக்கு இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கமிருந்து கட்டுக்கட்டாக வரும், மரம் நம் மலையிலும் இருக்கிறது. அதுதான் தும்பி. நீங்கள் தொப்பி என்று எழுதியிருப்பது அதன் புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருந்து பிறகு காயோடு ஒட்டி நிற்கும் பகுதி. பழம் போன பிறகும் இறுகிக் கிடக்கும்.

பெரியவர் சொன்னதும் முழுத் தவறு அல்ல. கருங்காலியும் தும்பியும் நெருங்கிய உறவுகள். ஆனால் கருங்காலி பசுமை மாறாத மரம், பங்குனியில் இப்படி மொட்டையாக நிற்காது. அதன் இலை வழவழவென்று பளபளக்கும். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கருத்த பட்டை உள்ளதெல்லாம் கருங்காலி ஆகிவிட்டது, அது வேறு கதை. உயரக் கிளை எட்டாவிட்டால் கவலைப்படாதீர்கள். தும்பி வேரிலிருந்து கன்று விடும். மரத்தைச் சுற்றி இடுப்பளவில் துளிர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

மலைப்பாதை எழுதியது:

மழை பெய்து துளிர்த்த பின், ஆனி மாதத்தில் மீண்டும் போய் வந்தேன். முதல் மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில் இலையைத் திருப்பி, அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். காம்புக்கு மேலே இரண்டு சுரப்பிகள் தெளிவாகத் தெரிகின்றன. அதே கிளையின் நுனியில் பழைய காய் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது மரத்தைச் சுற்றி நான்கைந்து கன்றுகள் இருந்தன. இளம் இலையின் இரு புறமும் விரலுக்கு வெல்வெட்டுத் துணியைப் போலப் பட்டது. அதைப் படத்தில் காட்ட முடியாததால், வெயிலுக்கு எதிரே பிடித்து இலை விளிம்பின் மயிர் தெரியும்படி ஒரு படம் எடுத்திருக்கிறேன். பீடி வீட்டுப் பிள்ளை அதை ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

பீடி வீட்டுப் பிள்ளை எழுதியது:

பார்த்தேன், தும்பிதான். அம்மாவிடமும் காட்டினேன், இந்த இலை சிறியது, ஒரு பீடிக்குத்தான் தேறும் என்றார்.