கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்

பென்சில்வேனியாவிலிருந்து:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் முட்டாள் நான்தான். விற்ற அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை.

போன ஆகஸ்டில் லங்காஸ்டர் பக்கம் ஒரு வீட்டுச் சாமான் விற்பனைக்குப் போயிருந்தோம். குழிப்பணியாரக் கல் போலவே இருந்த ஒரு வார்ப்பிரும்புத் தட்டை மனைவி கண்டுபிடித்தாள். நான் கண்டுபிடித்தது மூலையில் சாய்ந்து நின்ற ஒரு தாம்சன் சென்டர் ஹாக்கன் துப்பாக்கி. 50 காலிபர் (குழல் வாய் அரை அங்குலம்), எண்கோணக் குழல், வால்நட் கட்டை, பித்தளைப் பூண். விலை 275 டாலர். கணவர் மான் வேட்டைக்கு வைத்திருந்தது, அவர் போய்ப் பல வருடம் ஆகிறது, எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது என்று அந்த அம்மாள் நேராகவே சொன்னார்.

குழல் வாய் வழியாகக் கருமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற இந்த வகையை, 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவருவதில்லை. அதனால் பின்னணிச் சோதனை, படிவம் எதுவும் இல்லை. காசைக் கொடுத்தேன், தூக்கிக்கொண்டு வந்தேன். (மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் என்ற சகோதரர்கள் செயின்ட் லூயிஸில் 1820களிலிருந்து துப்பாக்கி செய்தவர்கள். மேற்கே மலைப்பக்கம் போன வேட்டைக்காரர்களிடம் அவர்கள் சரக்குக்கு நல்ல பெயர். நான் வாங்கியது அந்தப் பெயரில் 1970இல் நியூ ஹாம்ப்ஷயரில் செய்யத் தொடங்கிய மறுவடிவம். பழையதில் இரும்புப் பூண்தான், இந்தப் பித்தளைப் பளபளப்பெல்லாம் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்ததாகத்தான் நினைத்தேன். குதிரை (விசையை இழுத்தால் விழுந்து அடிக்கிற சுத்தி) பாதி ஏற்றத்திலும் முழு ஏற்றத்திலும் வழுக்காமல் நிற்கிறதா, கட்டை மணிக்கட்டுப் பகுதியில் விரிசல் விட்டிருக்கிறதா, இரட்டை விசையில் பின்னதை இழுத்தால் முன்னது இளகுகிறதா, எல்லாம் பார்த்தேன். செல்போன் விளக்கைக் குழல் வாயில் பிடித்தேன். உட்சுவரில் சுற்றிச் சுற்றி வெட்டிய புரிகள் பளிச்சென்று தெரிந்தன. தெரிந்தது முதல் நான்கு அங்குலம். மீதி இருபத்து நான்கு அங்குலத்தை நானே கற்பனை செய்துகொண்டேன்.

வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து குதிரையை ஏற்றி ஏற்றி இறக்கி மனைவிக்குக் காட்டினேன். பதினொரு வயது மகன் குழல் வாயில் கண்ணை வைத்துப் பார்த்து, “உள்ளே ஒரே இருட்டுப்பா” என்றான்.

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். அங்கே கருமருந்துக்காரர்கள் ஒரு ஓரமாக இருப்பார்கள், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அதில் ஒரு பெரியவர் துப்பாக்கியை வாங்கி, பேச்சுக்கூடக் கொடுக்காமல், குண்டை இடித்து இறக்குகிற கெஜக்கோலை உருவிக் குழலுக்குள் விட்டார். வாய் மட்டத்தில் கட்டைவிரலை வைத்துக் கோலை வெளியே எடுத்தார். அதைக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் பிடித்தார். கோலின் நுனி நிப்பிள் (குழலின் பின்முனையில் நெருப்பு உள்ளே போகிற துளைக்காம்பு) இருக்கும் இடம் வரை வந்திருக்க வேண்டும். இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது.

“இது கெட்டித்திருக்கிறது” என்றார்.

என் கூடம், என் மகனின் கண், எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. நிப்பிளில் கேப் இல்லாததால் பிழைத்தோம். நம் ஊர்ப் பொட்டுவெடி போன்ற சமாச்சாரம்தான் அந்தக் கேப், ஒரு சின்னச் செம்புக் குப்பி. அது ஒன்றுதான் குறை, மற்றதெல்லாம் தயாராக உள்ளே உட்கார்ந்திருந்தது.

அவரிடம் கரியமில வாயுக் குப்பி பூட்டிய ஒரு கருவி இருந்தது. குழலை மண்மேட்டைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லி, நிப்பிள் மேல் அதை வைத்து அழுத்தினார். ‘தப்’ என்று ஒரு சத்தம். ஈயக்குண்டு ஏழெட்டு அடி தள்ளி விழுந்தது. கூடவே நீலக்கோடு போட்ட துணித்துண்டு ஒன்று. பின்னாலேயே கறுப்புத் தூள். அதில் ஒரு சிட்டிகையை சிமெண்ட் தரையில் வைத்துத் தீக்குச்சியை நீட்டினார். புஸ்ஸென்று பற்றி வெள்ளைப் புகை. ஈரம் படாமல் இருந்தால் கருமருந்து வருடக்கணக்கில் கெடாது என்று படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் சுட்டோம். முதலில் வெறும் கேப் இரண்டு, எண்ணெய் ஈரம் போக. பிறகு 25 கெஜத்தில் இலக்கு. எஃப்எஃப்ஜி (மருந்து மணியின் பருமனைச் சொல்கிற குறி) கருமருந்து 70 கிரெய்ன், கிட்டத்தட்ட நாலரை கிராம். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது, உள்ளே கங்கு மிச்சமிருந்தால் குடுவையே வெடிக்கும். அளவைக் குழாயில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். மேலே மெழுகு தடவிய 0.015 அங்குலத் துணி, அதில் 0.490 அங்குல உருண்டை. குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நடுவில் வெற்றிடம் இருந்தால் குழல் புடைக்கலாம், கிழியலாம். புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஐந்து குண்டு. 25 கெஜத்தில் ஏழு அங்குல அகலத்துக்குச் சிதறின. நான் குறிபார்க்கிற காட்சிமுனையைத் திருக ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். பெரியவர் துப்பாக்கியைத் தொடவில்லை. இறங்கி நடந்து, புல்லில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். நல்ல துணி ஓரத்தில் நூல் பிரிந்து, நடுவில் கரிவட்டம் விழுந்து, முழுசாக வரும். என்னுடையவை பொத்தல் பொத்தலாக இருந்தன. துணி கிழிந்தால் குண்டு புரியைப் பிடிக்காது, நெருப்பும் பக்கவாட்டில் கசியும். நீளமான விளக்கை உள்ளே இறக்கிப் பார்த்தால், பழைய குண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் மோதிரம் போல ஒரு துருவளையம். அத்தனை வருடம் கெட்டித்தபடியே கிடந்ததன் தழும்பு அது.

இந்த ஹாக்கனில் ஓர் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாகக் கழன்று வரும். அடிப்பக்கத்தை வாளிச் சுடுநீரில் வைத்து, சோப்புப் போட்டுக் கெஜக்கோலால் பம்ப் அடித்தேன். பிறகு மெல்லிய ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்துச் சுற்றி இரண்டு மாலை தேய்த்தேன். பள்ளம் போகவில்லை, சொரசொரப்பு போனது. மறுபடி போனபோது மருந்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கம்பளி வில்லை வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஈரத்துணியால் துடைத்துச் சுட்டேன். 50 கெஜத்தில் மூன்று அங்குலம். துணிகள் முழுசாக வந்தன. மான் வேட்டைக்கு இது போதும்.

டெக்சஸிலிருந்து:

கெட்டித்ததை வாங்கி வந்தது உங்கள் கதை. கெட்டிக்காமலே சுட்டது என் கதை. இரண்டாவது தடவை ரேஞ்சுக்குப் போனபோது பக்கத்து மேசைக்காரரிடம் கிரிக்கெட் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டே கெட்டித்தேன். துணி, குண்டு, கோல், கேப் எல்லாம் முறையாக நடந்தது. குதிரை விழுந்தது, கேப் வெடித்தது, அவ்வளவுதான். மருந்தையே போடவில்லை. இங்கே எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்குமாம், தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் குழலை இலக்குப் பக்கமே பிடித்திருந்துவிட்டு, நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் மருந்தைத் தட்டித் தட்டி ஏற்றினோம். குண்டை மறுபடி இடித்து இறக்கிச் சுட்டோம். துப்பாக்கி தும்மியது. குண்டு இருபது கெஜம் போய் உருண்டது. இப்போது “மருந்து, துணி, குண்டு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் கெட்டிக்கிறேன். கிரிக்கெட் பேசுவதில்லை.

ஒன்டாரியோவிலிருந்து:

வாசிக்கவே எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது. வன்னியில் இதை நாங்கள் இடியன் துவக்கு என்போம், மருந்தை இடித்து இறக்குகிறபடியால். அப்பாவிடம் ஒன்று இருந்தது. துணி வில்லை எல்லாம் இல்லை, தேங்காய்த் தும்பைப் பந்தாகச் சுருட்டி இடிப்பார். அவருடைய கோலில் கத்தியால் வெட்டிய இரண்டு கோடுகள் இருந்தன. குழல் வாய்க்கு நேரே மேல்கோடு வந்தால் துவக்கு வெறுமை, கீழ்க்கோடு வந்தால் உள்ளே வெடி இருக்கு. வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒருமுறை கோலை விட்டுப் பார்க்காமல் உள்ளே வர மாட்டார். அந்தக் கோடுகள் எதற்கு என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை.

இங்கே நான் வாங்கியது சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கிற நீளத் துவக்கின் புதுப் பிரதி. கனடாவில் அந்த வகைக்கு உரிமம் தேவையில்லை. கேப் வைத்து அடிக்கிற புதுப் பிரதிக்குத் தேவை. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பொறி விழுகிற மருந்தைக் குழலுக்கு வெளியே ஒரு சின்னத் தட்டில் வைக்க வேண்டும், அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே போகும். முதல் நாள் பத்துக்கு நாலு தரம் தட்டில் மட்டும்தான் தீ, உள்ளே வெடி இல்லை. தட்டு மருந்தை நான் துளை மூடுமளவுக்குக் குவித்திருந்தேன். குவித்தால் அது திரி போல மெல்ல எரிந்து உள்ளே போக வேண்டும். குறைவாக, துளைக்குக் கீழே இருக்கும்படி போட்டால் சுவாலை நேரே பாயும். துளையை ஒவ்வொரு தரமும் ஊசியால் குத்திவிடவும் பழகினேன். பிறகு பத்துக்கு ஒன்பது.

மீண்டும் பென்சில்வேனியாவிலிருந்து:

ஒன்டாரியோக்காரரே, உங்கள் அப்பாவின் கோடுகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். கத்திக்குப் பதில் கறுப்பு மார்க்கர்.

டெக்சஸ் நண்பர் தனியாகக் கேட்டிருந்தார், கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் மான் வேட்டைப் பருவத்துக்கு இதைக் கொண்டுபோகலாமா என்று. இங்கே அது சக்கிமுக்கிக் கல் வகைக்கு மட்டும். கேப் வகைக்கு அக்டோபரில் பெண்மானுக்கு ஒரு வாரம் கொடுக்கிறார்கள். அதில் மூன்று நாள் காட்டில் உட்கார்ந்தேன். அணில்தான் வந்தது.

முதல் நாள் மாலை ஒன்று விளங்கியது. கேப்பை எடுத்துவிட்டால் போதும், சட்டப்படி அது கெட்டித்த துப்பாக்கி ஆகாது. காலையில் மறுபடி வரத்தானே போகிறோம், உள்ளே இருப்பது இருக்கட்டும் என்று கை தானாகவே சொல்கிறது. அந்த அம்மாளின் கணவரும் அப்படித்தான் நினைத்து உள்ளே வைத்திருப்பார்.

மூன்று மாலையும் ரேஞ்சு வழியாகப் போய் மண்மேட்டில் சுட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கராஜில் வைத்துக் கோலை விட்டேன், மேல்கோட்டில் நின்றது. மகன் வாங்கி இன்னொரு தரம் விட்டுப் பார்த்தான்.