ஸ்விஃப்டுக்கு 16 அங்குல அலாய் வீல்: உரசாமல் இருக்க எந்த அளவு?

நாமக்கல் வாசி (கேள்வி):
வணக்கம். என்னிடம் இருப்பது 2018இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த மாருதி ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ ரகம். இரும்பு ரிம்மும் 165/80 ஆர்14 டயரும் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) பொருத்தி வந்த வண்டி. டயர்கள் தேய்ந்துவிட்டதால், இந்தச் சமயத்திலேயே 16 அங்குல அலாய் வீலுக்கு மாறிவிடலாம் என்று எண்ணுகிறேன். கடையில் 7 அங்குல அகல ரிம்மையும் 205/55 டயரையும் காட்டி, தாராளமாக உட்காரும் என்கிறார்கள். அடிக்கடி ஐந்து பேராகக் கொல்லிமலைக்குப் போவோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் உரசுமோ என்பதே என் கவலை.

டயர் கடைக்காரர்:
முதலில் மொத்த விட்டத்தைப் பாருங்கள். உங்கள் பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. 205/55 ஆர்16 போட்டால் அது 632 ஆகிவிடும். 195/55 ஆர்16 என்றால் 621தான். பின்னது ஸ்பீடோமீட்டரையும் குழப்பாது, டிக்கியில் கிடக்கும் 14 அங்குல ஸ்டெப்னியோடும் ஒத்துப்போகும். 195/55 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும் என்றாலும், 6 அங்குலமே உகந்தது. ரிம்மின் பிசிடி, அதாவது போல்ட் துளைகளின் அமைப்பு, 4x100 ஆக (100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு துளைகள்) இருக்க வேண்டும் என்பதை ரிம் விற்பவரே பார்த்துக்கொள்வார்.

ஈரோட்டு மெக்கானிக்:
விட்டம் சரியாக இருந்தும் உரசுகிற வண்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. பெரும்பாலும் காரணம் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் அச்சு முனையில்) பதியும் முகத்துக்கும் உள்ள தூரம். அலாய் ரிம்மின் உட்புறத்தில் இ.டி. என்ற எழுத்துகளோடு அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். கணக்குக்காக உங்கள் பழைய ரிம் 5 அங்குல அகலம், இ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் 7 அங்குலம், இ.டி. 35 உள்ள ரிம்மைப் போட்டால், அதன் வெளிவிளிம்பு முன்பைவிட 35 மி.மீ. வெளியே வரும், உட்புறம் 15 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். அதுவே 6 அங்குலம், இ.டி. 45 என்றால் இருபுறமும் 13 மி.மீ.க்குள் முடிந்துவிடும். கடையில் ஆள் ஏறாத வண்டியை லிஃப்டில் தூக்கிக் காட்டி "இடம் இருக்கிறது" என்பது சோதனையே அல்ல, ஏனென்றால் சக்கரம் தொங்கும்போது ஃபெண்டருக்கும் (சக்கரத்தின் மேலுள்ள உடல்தகடு) டயருக்கும் உள்ள இடைவெளி எப்போதும் பெரிதாகவே தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். வேகத்தடை ஒன்றில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி இறக்கவும் வேண்டும். முன்பக்கம் ஃபெண்டர் லைனரின் (ஃபெண்டரின் உட்புற மூடி) பின்மூலை, ஸ்பிரிங் தட்டின் அடிப்பகுதி, பின்பக்கம் ஃபெண்டரின் உள்மடிப்பு ஆகிய மூன்றிலும் சாக்பீஸைத் தடவி வைத்தால், உரசிய இடத்தில் அது அழிந்திருக்கும்.

சேலத்துக்காரர்:
என் கருத்து சற்று வேறு. இதே ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐ ரகத்துக்கு நிறுவனமே 185/65 ஆர்15 கொடுத்தது, விட்டம் 621.5 மி.மீ., ஆகவே இடைவெளிக் கவலையே இல்லை. டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. இருக்கும். 195/55இல் அது 107தான், பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிவாங்கும். மலைச்சாலைக்கு நான் 15ஐத்தான் பரிந்துரைப்பேன்.

நாமக்கல் வாசி:
மூவருக்கும் நன்றி. 15 அங்குலத்தையே பரிசீலிக்கிறேன். வெளிச்சந்தை அலாய் வீல்களின் நடுத்துளை பெரிதாக இருக்கிறதே, அதனால் சிக்கல் உண்டா?

ஈரோட்டு மெக்கானிக்:
ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்கள் பலவற்றில் துளை 73.1 மி.மீ. இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் வளையத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்; இல்லையென்றால் ரிம் நடுவில் சரியாக உட்காராமல், பாலன்சிங் செய்தும் வேகத்தில் ஸ்டியரிங் ஆடக்கூடும். பழைய நட்டுகளை அப்படியே போடாமல், அலாய் ரிம்மின் கூம்புத் துளைக்குப் பொருந்துகிற நட்டுகளா என்று பார்த்து மாட்டி, சிறிது தூரம் ஓட்டியபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) மீண்டும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.