பம்ப் ஷாஃப்டில் குழி எங்கே தொடங்குகிறது? ஆய்வகத்தில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

கோவை, ஆய்வு மாணவி:

நொய்யல் பக்கத்துக் கிணறுகளில் ஓடிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷாஃப்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருப்பதை நம்ம ஊர் மெக்கானிக்குகள் பார்த்திருப்பார்கள். கேட்டால் "தண்ணி உப்புங்க" என்பார்கள். உப்பில் இருக்கும் குளோரைடு காரணம் என்பது சரி. ஆனால் ஷாஃப்ட் முழுக்க அதே தண்ணீரில்தானே நிற்கிறது, அந்தப் புள்ளியில் மட்டும் ஏன்?

இதற்காகத்தான் வருடும் மின்வேதி நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன். கரைசலுக்குள் ஒரு நுண்ணிய நுனியைப் பரப்பை ஒட்டி நகர்த்தி, அதில் ஓடும் மின்னோட்டத்தை இடம் இடமாக அளக்கும் கருவி இது. 1989-ல் டெக்சாஸில் ஆலன் பார்டின் குழு உருவாக்கிய முறை. கண்ணாடிக்குள் அடைத்த பிளாட்டினக் கம்பியின் நுனிதான் மின்முனை. என்னுடையது 10 மைக்ரோமீட்டர் விட்டம். எலக்ட்ரானை எளிதாகக் கொடுத்து வாங்கும் ஃபெரோசீன் மெத்தனால் என்ற சேர்மத்தின் கரைசலில் மின்னோட்டம் ஒன்றரை நானோ ஆம்பியர் சுமாருக்கு வரும். நுனியை மெல்ல இறக்கும்போது அடியில் கண்ணாடி இருந்தால் மின்னோட்டம் சரியும், மூலக்கூறு வந்து சேர வழி அடைபடுவதால். உலோகம் இருந்தால் ஏறும்: நுனியில் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு உலோகத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வருகிறது. அந்தக் கோடு மேலே திரும்பியதை முதன்முதலில் பார்த்தபோது உடம்பே சிலிர்த்தது.

அப்புறம் 304 என்ற எஸ்.எஸ். ரகம். வெறும் உப்புக் கரைசல், எஃகுக்குக் கொஞ்சம் மின்னழுத்தம், கரைந்து வரும் இரும்பு அயனியை நுனி பிடிக்கும்படி அமைத்து வரிவரியாக ஓட்டினோம். படம் முழுக்க நீலம், ஒரு மூலையில் மட்டும் சிவப்பு, அதாவது இரும்பு அங்கேதான் அதிகம் கரைகிறது. கண்ணுக்குக் குழியே தெரியாத இடம் அது! எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதே இடத்தைத் தேடினால் மாங்கனீசு சல்பைடு துணுக்கு, எஃகு உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்டது. எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் அங்கே ஒழுங்காக மூடுவதில்லை. சல்பைடு முதலில் கரைகிறது, அந்தச் சந்தில் குளோரைடு சேருகிறது, குழி ஆழமாகிறது. தண்ணீரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

பெருந்துறை, ஆய்வு மாணவர்:

அருமைங்க அக்கா. நான் பார்த்தது பிப்பெட் முறை, 2010-ல் வாரிக் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் அன்வின் குழு கொண்டுவந்தது. மாதிரியை முழுக்க நனைப்பதில்லை. குவார்ட்ஸ் குழாயை லேசரில் சூடாக்கி இழுத்தால் வாய் நூறு நானோமீட்டருக்கும் கீழே வந்துவிடும். அதில் தொங்கும் கரைசல் துளி மட்டும் பரப்பைத் தொடும். தொட்ட இடமெல்லாம் தனித்தனி மின்கலம். உலோகத்தின் ஒரு படிகமணிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரிகிறது.

வரும் மின்னோட்டம் பிக்கோ ஆம்பியர் கணக்கில், அதனால் வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டு, அதாவது ஃபாரடே கூண்டு, இல்லாமல் முடியாது. எங்கள் கட்டடம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரி போனால் நுனி ஆடும், ராத்திரியில்தான் ஓட்டுவோம். காற்று வறண்டிருந்தால் துளி காய்ந்து வாயில் உப்புப் படியும். கூண்டுக்குள் ஈரப்பஞ்சு வைத்தால் சமாளிக்கலாம்.

உங்கள் 304-ல் ஒரு துண்டு கிடைக்குங்களா? என்னிடம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரக எஃகு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து அதே நொய்யல் கிணற்றுத் தண்ணீரில் பார்த்துவிடலாம்.