மதிய லெவோடோபா மாத்திரை மட்டும் ஏன் பிடிப்பதில்லை?

கேள்வி
அப்பாவுக்கு 68 வயது, ஆறு வருடமாகப் பார்க்கின்சன். லெவோடோபா-கார்பிடோபா 110, மூன்று வேளை. காலையில் வெறும் வயிற்றில் போட்டால் முக்கால் மணி நேரத்தில் விறைப்பு விட்டு நடக்கிறார். மதியம் சாப்பிட்டதும் போடுவது வேலையே செய்வதில்லை. குமட்டல் வேறு. மூளையில் குறைவது டோபமைன் என்ற ரசாயனம் என்றால் அதையே மாத்திரையாகத் தரக்கூடாதா?

நரம்பியல் வாசகர்
டோபமைன் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆனால் பருப்பு, தயிர், முட்டையிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வழியாகத்தான் ஏறுகின்றன. சிறுகுடலில் ஒரு போட்டி, மூளை வாசலில் இன்னொன்று. வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை குடலுக்கு இறங்கவே நேரமாகும்.

நோயின் ஆரம்பத்தில் இது தெரியாது. மூளையில் டோபமைன் தயாரிக்கும் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் மிஞ்சிய செல்கள் டோபமைனைச் சேமித்து, தேவைக்கு விடும். அவையும் அழிந்தபின் ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவது அப்படியே கைகாலில் தெரியும். மருந்தின் அரை ஆயுளோ, அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரமோ, சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

சாப்பாடு 1.30 என்றால் மாத்திரை 12.45-க்கு, ஒரு டம்ளர் தண்ணீரோடு. மறந்துவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. புரதத்தைக் குறைக்காதீர்கள், உடம்பு இளைத்துவிடும். பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள்.

மருந்தாளுநர்
குமட்டலுக்கு 110-ஐத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அதில் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 தான். மூன்று வேளைக்கு 30. லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே டோபமைனாக மாறினால் குமட்டும். அதைத் தடுக்க நாளுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். 125 மாத்திரையில் 100+25. மூன்று வேளைக்கு 75. மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கூடவே கூடாது. மூளையில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளையே அடைக்கும். தலைசுற்றலுக்குத் தாராளமாக எழுதப்படும் சின்னரிசைன், புளூனரிசைன், புரோகுளோர்பெரசைன் மூன்றும் இதே ரகம். டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாது. ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம், ஈ.சி.ஜி. பார்த்துத்தான் தருவார்கள்.

கேட்டவர்
இரும்புச்சத்து மாத்திரை மதியம்தான் போடுகிறார். பூனைக்காலிப் பொடியும் சேர்க்கலாமா?

மருந்தாளுநர்
இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். பொடிக்குப் பொடி அளவு மாறும், கார்பிடோபாவும் கிடையாது. மாத்திரையோடு சேர்ந்தால் கைகால் தானாக நெளியத் தொடங்கலாம். அதை நம்பி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது இன்னும் மோசம்: கடும் காய்ச்சலும் விறைப்புமாக ஐ.சி.யூ. வரை போகும்.