ஒதுக்கப்படும் பிள்ளையின் கதை: வகுப்பில் எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது?

கேள்வி:
மூன்றாம் வகுப்பு, 32 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. ஆட்டத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு சிறுமியின் கதையை வாசித்துக் காட்டிப் பேசவைக்க வேண்டும். முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டால், "எல்லாரிடமும் அன்பாக இருக்கணும்" என்று ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். இடைவேளையில் பழையபடிதான். எங்கே பிசகுகிறது?

பதில் 1:
அந்தக் கேள்வியில்தான் பிசகு. டீச்சருக்கு என்ன விடை பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கதையை முடிக்கவே வேண்டாம். வாசிப்பு 8 நிமிடம் போதும், அதற்குள் மூன்று நிறுத்தம்.

அவள் ஆட்டத்தின் ஓரமாக வந்து நிற்கும்போது: "கையை எப்படி வைத்திருப்பாள்? எங்கே பார்ப்பாள்?" உணர்ச்சியைக் கேட்டால் "சோகம்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். உடம்பைக் கேட்டால் யோசிப்பார்கள்.

"இடமில்லை" என்று ஒருவன் சொன்னதும்: "ஏன் அப்படிச் சொல்லியிருப்பான்?" இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம், நண்பன் சொல்வதைப் பார்த்து இவனும் சொல்லியிருக்கலாம். அவனைக் கெட்டவனாக்கிவிட்டால் எந்தப் பிள்ளையும் தன்னை அவனிடத்தில் பார்க்காது.

மூன்றாவது நிறுத்தம், கதையில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் பிள்ளை வரும் இடத்தில். அங்கேயே புத்தகத்தை மூடிவிடுங்கள். நான்கு நான்கு பேராக 8 குழு, 10 நிமிடம். அந்தப் பிள்ளை சொல்லக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதவேண்டும். "உதவி செய்வேன்" செல்லாது. "என் பக்கம் வா, அடுத்த ஆட்டத்தில் நான் வெளியே நிற்கிறேன்" என்பதுபோல், அப்படியே வாய்விட்டுச் சொல்லும் சொற்கள் வேண்டும். எழுதியதை ஒவ்வொரு குழுவும் எழுந்து நின்று சொல்லட்டும். வாயில் பழகிய சொல்தான் இடைவேளையில் வரும்.

பதில் 2:
நடிக்கவைப்பதானால் ஒரு எச்சரிக்கை. ஒதுக்குகிறவன் வேடத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பு அவனுக்கு ருசித்துவிடும். அந்த வேடத்தை ஆசிரியரே எடுத்துக்கொள்ளட்டும். பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய, பார்வையாளரும் நடிக்க வரும் 'மன்ற அரங்கு' என்ற நாடக முறையிலும் பார்வையாளர் மேடையேறி மாற்றிக் காட்டுவது ஒடுக்குகிறவரை அல்ல. வகுப்பில் சும்மா நிற்கும் பிள்ளையின் இடத்துக்கு ஒருவர் மாற்றி ஒருவர் வரட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். வகுப்பில் உண்மையிலேயே தனியாக இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறுமி வேடம் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

பதில் 3:
கதைத் தேர்வையும் பாருங்கள். ஒதுக்கப்பட்டவள் பந்தயத்தில் ஜெயித்த பிறகு எல்லாரும் சேர்த்துக்கொள்வதாக எத்தனையோ கதைகள்! திறமை காட்டினால்தான் இடம் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. வகுப்பில் காதுக்கருவி போட்ட பிள்ளை இருந்தால், பாத்திரத்துக்கும் அதே கருவி வேண்டாம். எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பும்.

கேள்வி கேட்டவர்:
பேசவே பேசாத பிள்ளைகளை என்ன செய்வது?

பதில் 1:
குழுவாகப் பிரிவதற்கு முன் 2 நிமிடம், பக்கத்திலிருப்பவரிடம் மட்டும் சொல்லட்டும். விருப்பமில்லாதவர் வரைந்து கொடுக்கலாம். பெயர் சொல்லி எழுப்பாதீர்கள்.