மக் உள்ள கிளேஸ் கோடு கோடா விரியுது, அவசரம்

மண்பிடி:
வெள்ளிக்கிழமை ஒரு காபிக் கடைக்கு 40 மக் கொடுக்கணும். சூளையிலிருந்து எடுக்கும்போது கிளேஸ் (மண்ணு மேல உருகிப் படியற பூச்சு) கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் பார்த்தா உள்பக்கம் பூரா மயிரிழைக் கோடு. ராத்திரி அலமாரியிலிருந்து ‘டிங்... டிங்’னு சத்தம். டீ ஊத்திப் பார்த்தேன், கறை கோட்டுக்குள்ள இறங்கிடுச்சு, தேய்ச்சாலும் போகல. கிளேஸ்ல என்ன சேர்க்கணும்?

சக்கரக்காரி:
என்ன மண்ணு? எத்தனை டிகிரி? கிளேஸ் நீங்க கலக்கினதா, வாங்கினதா?

சூளைமேட்டான்:
சீக்கிரம் திறந்திருப்பீங்க. 100 டிகிரிக்குக் கீழ வராம மூடியைத் தொடாதீங்க. என் அனுபவத்துல பத்துக்கு எட்டு விரிசல் இதனாலதான்.

பாண்டிமண்:
அண்ணா, மெதுவா ஆறவிட்டா விரிசல் தள்ளிப்போகும், நிக்காது. ஆறும்போது மண்ணைவிட கிளேஸ் அதிகமா சுருங்குது, அதான் பிரச்சினை. சோடியம், பொட்டாசியம் கூடினா சுருக்கமும் கூடும். சொந்தக் கலவைன்னா கொஞ்சம் சிலிக்கா சேர்த்துப் பார்க்கலாம்.

கோன்பத்து:
சூடு சொல்லாம கிளேஸ் கேக்கறது, காய்ச்சல் எவ்வளவுன்னு சொல்லாம மருந்து கேக்கற மாதிரி. முதல்ல அடிப்படையைப் படிச்சுட்டு ஆர்டர் எடுங்க தம்பி.

சக்கரக்காரி:
கோன்பத்து சார், அவர் பதற்றத்துல இருக்கார். தெரிஞ்சதைச் சொல்லுங்க, இல்லன்னா விடுங்க.

நீலக்குவளை:
அந்தக் கோடு எனக்குப் பிடிக்கும். சீனாவுல சோங் காலத்துல அரண்மனைக்குச் செஞ்ச குவான் பாத்திரங்கள்ல வேணும்னே வரவழைச்சாங்க. கடைக்காரர்கிட்ட அப்படியே கொடுங்களேன்.

சூளைமேட்டான்:
அரண்மனை ஜாடியும் தினம் நாலு தடவை கழுவுற மக்கும் ஒண்ணா? கோடு விழுந்தா பாத்திரத்தோட பலமும் குறையும். சாப்பாட்டுப் பாத்திரத்துல நான் ஒத்துக்கவே மாட்டேன்.

நீலக்குவளை:
மண்ணு நல்லா வெந்திருந்தா தண்ணி உள்ள போகாது. கோடு இருக்குன்னாலே விஷம்ங்கிற மாதிரி பேசாதீங்க.

பாண்டிமண்:
கேள்வியே அங்கதான் இருக்கு, வெந்திருக்கா? மண்பிடி, ஒரு மக்ல தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க மரப்பலகையில வைங்க. காலையில அடியில ஈர வளையம் இருக்கான்னு சொல்லுங்க.

மண்பிடி:
இருக்கு. மண்ணு ஸ்டோன்வேர் (அதிக சூட்டுல வேகற வகை), பையில 1220 டிகிரின்னு போட்டிருக்கு. கிளேஸ் வாங்கினது, பாட்டில்ல 1060. அதான் 1060ல சுட்டேன். எல்லாரும் கிளேஸ் சூட்டுக்குத்தானே சுடுவாங்கன்னு நினைச்சு எழுதல.

சக்கரக்காரி:
ஐயோ தம்பி!

பாண்டிமண்:
கிளேஸ் மேல குறையே இல்ல. மண்ணு பாதி வெந்து நிக்குது. காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு கொஞ்சம் கொஞ்சமா உப்புது, மேல இருக்கற கண்ணாடி இழுபட்டு விரியுது. மூணு நாள் தாமதம் அதனாலதான். கிளேஸ் படாத உடைஞ்ச துண்டு ஒண்ணைக் காயவச்சு எடை போடுங்க. ரெண்டு மணி நேரம் கொதிக்கவச்சு, அதே தண்ணியில ஆறவிட்டு, துடைச்சுட்டு மறுபடி எடை போடுங்க.

இதே மக்கைத் தூக்கி 1220க்கு ஏத்திடாதீங்க. இந்தக் கிளேஸ் தண்ணியா ஓடி அடித்தட்டோட ஒட்டிக்கும். 1060க்கு வேகற மண்ணுக்கு மாறுங்க, இல்லன்னா 1220 கிளேஸ் வாங்குங்க.

கோன்பத்து:
எடை போடும்போது கிராம் தராசு வேணும். காய்கறித் தராசு ஆகாது.

மண்பிடி:
312 கிராம் இருந்தது 340 ஆச்சு.

பாண்டிமண்:
அப்போ மண்ணு 9 சதவீதம் தண்ணி குடிச்சிருக்கு. மக்குக்கு ரொம்ப அதிகம். கொடுக்காதீங்க.

மண்பிடி:
கடைக்காரர்கிட்ட ரெண்டு வாரம் கேட்டிருக்கேன், சரின்னுட்டார். 1220 கிளேஸ் சொல்லிட்டேன். முதல்ல புதுசா நாலு மக் மட்டும் சுடறேன். நன்றி அண்ணா, நன்றி அக்கா.