புதுப்பிப்பு: இறுகிப்போன ஓப்பினெல் கத்தி திறந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, மழையில் நனைந்த என் ஓப்பினெல் (மரக் கைப்பிடி கொண்ட பிரெஞ்சுக் கத்தி) 8ஆம் எண் மடக்குக் கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது, இதை விட்டுவிட்டு ஒரு கையால் திறக்கும் ஃபிளிப்பர் வாங்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

குறடு எடுக்க வேண்டாம் என்று சொன்ன நண்பர் சொன்னதுதான் சரி. கைப்பிடியின் தலைப்பில் அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையைப் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். அலகின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. இந்தக் கத்தி பிறந்த பிரான்சின் சவாய் மலைக்காரர்களின் பழைய வழக்கமாம் இது. கைப்பிடியின் பீச் மரம் ஈரம் குடித்து உப்பி அலகை இறுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். திறந்தபடியே மூன்று நாள் நிழலில் காயவைத்தேன். பிறகு மடித்த உப்புத்தாளால், அலகு மடங்கி உட்காரும் பிளவின் உட்பக்க மரத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, மூட்டில் இரண்டு சொட்டு மினரல் ஆயில் விட்டேன். இப்போது நகப்பள்ளத்தில் விரல் வைத்தாலே வருகிறது.

அலகில் மாங்காய் நறுக்கிப் படிந்த சாம்பல் நிறத்தைச் சுரண்டவில்லை. அது கார்பன் எஃகுக்குக் காவல். சிவப்புத் துருவை மட்டும் சமையல் சோடாக் குழைவால் எடுத்தேன்.

ஃபிளிப்பர் வாங்கவில்லை. பல ஃபிளிப்பர்களில் இருக்கும் லைனர் லாக்கை (அலகைத் தாங்கிப் பூட்டும் உள்தகடு) விலக்கி மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கிறது. 1955இல் வந்த இந்தச் சுழல் வளையத்தில் அந்த பயம் இல்லை. என் மகளும் இதில்தான் பழம் நறுக்கப் பழகுகிறாள்.